வைக்கோல் காலையிலேயே அங்கேதான் கிடந்தது

போன வருஷம் பங்குனி உத்திரத்தன்று பைக்கில் இருந்து விழுந்ததைப் பற்றி இதுவரை இங்கே எழுதவில்லை. வெட்கம்தான், வேறொன்றுமில்லை. இருபது வருஷம் வண்டி ஓட்டியவன், எதிரே ஒரு ஈ காக்கா வராத ரோட்டில் தானாகப் போய் விழுந்தான் என்று எந்த வாயால் சொல்ல? அதனால் கேட்டவர்களிடம் எல்லாம் "முன்னால ஒரு மினி பஸ்காரன்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுவேன். மீதிக் கதையை அவர்களே எழுதிக்கொண்டு அந்த டிரைவரைத் திட்டிவிட்டுப் போவார்கள். அந்த மனுஷன் மேல் ஒரு தப்பும் கிடையாது. நான் ஒருவன் முனங்கிக்கொண்டு கிடப்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தி இறங்கி ஓடி வந்த முதல் ஆளே அவர்தான்.

நடந்தது இதுதான். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் சாஸ்தா கோயில். குடும்பம் மொத்தமும் பொங்கல் பானை, விறகோடு வேனில் போனது. கடையை விளக்கு வைக்கிற நேரத்துக்குள் திறக்க வேண்டும் என்று நான் மட்டும் பைக். திரும்பி வரும்போது வீரவநல்லூர் தாண்டி, சேரன்மகாதேவிக்கு இந்தப் பக்கம். கன்னடியன் கால்வாய்ப் பாசனம், பிசான நெல் அறுவடை நேரம், ரோட்டின் இடது பாதியில் நீளத்துக்கு வைக்கோல் காயப் போட்டிருந்தார்கள். வைக்கோல் நகராமல் இருக்க ஓரத்தில் அண்டைக்குக் கல். எனக்கு முன்னால் மினி பஸ். அதன் பின்னால் இருபது அடி கூட விடாமல், எப்போது ஒதுங்குவான், எப்போது ஏறிப் போகலாம் என்று ஒட்டிக்கொண்டே வருகிறேன். வேகம் அறுபது இருக்கும். பஸ் கொஞ்சம் வேகம் குறைத்து வைக்கோல் மேலேயே ஏறிப் போனது. அதற்கென்ன, பெரிய சக்கரம். நான் பதறி முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன்.

அவ்வளவுதான். அடுத்து நினைவில் இருப்பது ஹெல்மெட் தாரில் உரசுகிற சத்தம். அந்தச் சத்தம் காதுக்குள் கேட்காது, மண்டைக்குள் கேட்கும்.

இடது காறை எலும்பு முறிவு. வலது காலில் முழங்காலுக்குக் கீழே அந்த அண்டைக் கல்லில் போய் அடித்ததில் பெரிய எலும்பு இரண்டு துண்டு. ராடு வைத்தார்கள். காறை எலும்புக்கு ஆபரேஷன் இல்லை, கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டதோடு சரி.

ஹெல்மெட் போட்டிருந்ததற்குப் பாராட்டு வேண்டாம். கண்ணாடியில் தொங்கவிட்டு வந்து திருநெல்வேலி வண்ணார்பேட்டை நெருங்கும்போது போலீசுக்காக மாட்டுகிற ஆள் நான். அன்றைக்கு மாட்டியது பூச்சிக்காக. அறுவடை நேரத்தில் பொழுது சாய வயலோரம் பைக்கில் வந்தவர்களுக்குத் தெரியும், கண்ணுக்குள் வந்து விழும், ஒரு நிமிஷம் ஊரே தெரியாது. ஆக என் மண்டையைக் காப்பாற்றியது ஒரு வயல் பூச்சி. சாஸ்தாதான் பூச்சி ரூபத்தில் வந்தார் என்கிறாள் எங்கள் பெரியம்மை, அதையும் மறுப்பதற்கில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் சொல்ல வந்த விஷயமே ஆரம்பிக்கிறது. ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாகத் தினமும் நாலு பேர். வந்தவர்கள் எல்லாம் கேட்டது இரண்டே கேள்வி. "எதிர்ல வந்தவன் எவன்?" "நேரம் சரியில்லையோ, ஜாதகம் பாத்தியளா?" முதல் கேள்விக்கு நான் மினி பஸ்ஸைக் காட்டினேன். இரண்டாவதுக்கு அவர்களே பதில் வைத்திருந்தார்கள்: கண்டம், கழிஞ்சிட்டு, உயிரோட போகவேண்டியது காலோட போச்சு. ஆறுதலுக்குச் சொல்வதுதான், குறையாகச் சொல்லவில்லை. வலியோடு படுத்திருப்பவனுக்கு அந்த ஆறுதல் தேவையாகவும் இருந்தது. ஆனால் என்ன வேகம், எத்தனை அடி இடைவெளி, எந்த பிரேக் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

கேட்டவள் என் மனைவி மட்டும்தான். அதுவும் கேள்வியாக இல்லை. பன்னிரண்டாம் நாளோ என்னவோ, உளுந்தங்களியில் நல்லெண்ணெயை ஊற்றிக் கையில் தந்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள், "அந்த வைக்கோல் காலைல போம்போதே கெடந்துச்சுல்லா. நான் வேன்ல இருந்து பாத்தேனே."

நானும் பார்த்தேன். காலையில் போகும்போது, எதிர்ப் பக்கம் வைக்கோல் கிடக்கிறது, வரும்போது பார்த்து வரவேண்டும் என்று மனதுக்குள் நினைத்துக்கூட இருந்தேன். எட்டு மணி நேரத்தில் அதை மறந்துபோய், மறந்ததையும் மறந்து, "திடீர்னு வைக்கோல்" என்று ஊருக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன். திடீரெல்லாம் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு படுக்கையில் வேலை என்ன, ஒரு நோட்டில் கணக்குப் போட ஆரம்பித்தேன். அறுபதில் போனால் வண்டி ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகும், அதாவது ஐம்பத்தைந்து அடி. கண் பார்த்து, மூளை புரிந்து, விரல் பிரேக்கைத் தொடவே ஏறக்குறைய ஒரு செகண்டு வேண்டும். நான் விட்டிருந்தது இருபது அடி. அப்படியென்றால் பஸ்ஸுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியும்போதே நான் அதன் மேல் இருக்கிறேன். முன் பிரேக் நல்ல தார் ரோட்டில் முக்கால்வாசி வேலையைச் செய்யும், பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுக்க முன்னால் வரும் என்பதால். ஆனால் டயருக்கும் தாருக்கும் நடுவில் வைக்கோல் வந்துவிட்டால் டயர் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. முன் சக்கரம் உருளுவதை நிறுத்திவிட்டுச் சறுக்கினால் ஹேண்டில்பார் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வைக்கோலில் மாட்டிக்கொண்டால் பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை மட்டும் விட்டு, வண்டியைச் சாய்க்காமல் நேராகத் தாண்ட வேண்டும். இதை லைசன்ஸ் எடுக்கும்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. எட்டு போடச் சொன்னார்கள், போட்டேன்.

125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு 2019 ஏப்ரலில் இருந்து ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்கிற அமைப்பு, கட்டாயம். என்னுடையது அதற்கு முந்தைய வண்டி. அதையும் ஒரு சாக்காகக் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். இருந்திருந்தால் சக்கரம் பூட்டாமல் இருந்திருக்கலாம், சரி, இருபது அடியை அது ஐம்பது அடி ஆக்குமா?

விமான விபத்தை விசாரிப்பதற்கு உலகம் முழுக்க ஒரு விதி இருக்கிறது, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 13-வது இணைப்பு. விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது, யார் மேல் குற்றம் என்று பங்கு பிரிப்பதல்ல என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ரோட்டு விபத்துக்கு எஃப்ஐஆரில் ஒரே வரி: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்". எந்த விபத்தில் போட்டாலும் பொருந்துகிற வரி, அதனாலேயே எதையும் சொல்லித்தராத வரி. வழக்குக்கு அது வேண்டும், நஷ்டஈட்டுக்கு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்குள், நமக்கு நாமே விசாரிக்கும்போதும் ஏன் அந்த ஒரு வரியோடு, இல்லையென்றால் கண்டம் என்ற ஒரு சொல்லோடு ஃபைலை மூடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். கண்டம் என்று சொல்லிவிட்டால் அது கழிந்துவிட்டது. இருபது அடி கழியவில்லையே, காலைப் பலகையில் நீட்டிப் படுத்திருக்கும்போதும் எனக்குள்ளேயேதான் இருந்தது.

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். விழுந்த இடத்தில் கூட்டம் சேர்ந்து ஒருவர் ஹெல்மெட்டை உருவப் பார்க்க, ஒருவர் சோடாவை உடைத்துக்கொண்டு வர, "ஒண்ணும் பண்ணாதிய, கழுத்தை ஆட்டாதிய, 108 வரட்டும்" என்று சத்தம் போட்டவர் அந்த மினி பஸ் டிரைவர். ஆபரேஷன் வரலாம் என்பதால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. போலீஸ் கேஸ் என்று பயந்து ஒதுங்குகிறவர்களுக்காக ஒரு வார்த்தை: 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, நல்லெண்ணத்தில் தூக்கிவிட்டவர் மேல் வழக்கு வராது, பேர் சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கும் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் இருந்து இருக்கிறது. இரண்டும் எனக்கு விழுந்த பிறகுதான் தெரியும்.

தேறி வந்த கதை நீளம், ஆனால் அதில் சொல்ல அதிகமில்லை. வலி, பிளாஸ்டிக் கமோடு நாற்காலி, வாக்கர், மறுபடியும் வலி. தொடை எவ்வளவு சீக்கிரம் சூம்பிவிடுகிறது என்பதுதான் பயமுறுத்தியது. பிசியோ வந்த தம்பி டேப் வைத்து அளந்தால் இரண்டு தொடைக்கும் ஒன்றரை இஞ்ச் வித்தியாசம். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அமுக்கிப் பத்து எண்ணு என்பார், ஏழுக்கு மேல் எண்ண முடியாமல் கண்ணில் தண்ணீர் வரும். நடுவில் சொந்தத்தில் ஒருவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிற வைத்தியரிடம் கூட்டிப்போக ஒற்றைக்காலில் நின்றார். வீங்குகிற காலை இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலே போய்விடும், உள்ளே ராடு வேறு இருக்கிறது என்று சொல்லித் தப்பிப்பதற்குள் அவருக்கு என் மேல் வருத்தம், இன்னும் தீரவில்லை.

ஹெல்மெட்டை எடுத்துப் பார்த்தேன். இடது பக்கம் தேய்ந்து, உள்ளே தெர்மகோல் அமுங்கிக் கிடந்தது. அது ஒரே ஒரு தடவை அமுங்குவதற்காகச் செய்தது, அடுத்த அடிக்கு உதவாது. கடைப் பையன் "நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி, எனக்குத் தாங்க" என்றான். சுத்தியலால் உடைத்துத்தான் குப்பையில் போட்டேன்.

புதிதாக வாங்கியது இரண்டு. இத்தனை வருஷம் எங்கள் வீட்டில் ஒரே ஹெல்மெட்தான், பின்னால் உட்காருகிறவளுக்கு மண்டை இல்லாதது மாதிரி. 2022-இல் நாடு முழுக்க ஹெல்மெட் இல்லாமல் செத்தவர்கள் 50,029 பேர், அதில் பின்னால் உட்கார்ந்து போனவர்கள் 14,337 என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அன்றைக்கு வேனில் இடம் இல்லாமல் இருந்திருந்தால் அவள் என் பின்னால்தான் உட்கார்ந்திருப்பாள். இந்த ஒரு நினைப்பை மட்டும் நான் நோட்டில் எழுதவில்லை.

ஆறாம் மாதம் மறுபடி வண்டியைத் தொட்டேன். பிளாட் போட்டு விற்காமல் கிடக்கிற ஒரு இடத்தில் காலை ஆறு மணிக்குப் போய், இருபதில் வந்து பிரேக், முப்பதில் வந்து பிரேக், இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாக ஆரம்பித்து இறுக்குவது என்று சின்னப் பையன் மாதிரி பழகினேன். வாக்கிங் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இந்த வருஷம் உத்திரத்துக்கு இரண்டு பேருமாகப் பைக்கிலேயே போனோம். அதே இடம், அதே வைக்கோல். எனக்கு முன்னால் யாரும் இல்லை, ஆனாலும் கை வேர்த்தது. வைக்கோல் ஆரம்பிப்பதற்கு நூறு அடிக்கு முன்னாலேயே ரோட்டோரம் ஒரு கம்பு நட்டு அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. ஓரத்தில் கல் ஒன்றையும் காணவில்லை, கல்லுக்குப் பதில் வாழை மட்டையைப் போட்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தினேன். வைக்கோலைப் புரட்டிக்கொண்டிருந்த பெரியவர் என் நடையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"போன வருசம் விழுந்தது நீங்கதானாய்யா?"

ஆமாம் என்றேன். களம் இல்லை, இருந்த களத்தில் தண்ணி டேங்க் கட்டிவிட்டார்கள், ரோட்டை விட்டால் வேறு இடமில்லை என்று ஆரம்பித்தவர் பாதியில் விட்டுவிட்டார். அப்புறம் கம்பைக் காட்டி, "மறுநாளே நட்டுட்டேன். துணி வெளுத்துட்டுன்னு இப்பத்தான் மாத்துனேன், மருமகளோட பழைய சேலை. தூரத்துல இருந்து தெரியுதா?" என்று கேட்டார்.

தெரிகிறது என்றேன். என் மனைவி, இன்னும் ஒரு சாண் உயரமாகக் கட்டினால் லாரிக்குப் பின்னால் வருகிறவனுக்கும் தெரியும் என்றாள். அவர் கம்பைப் பிடுங்கப் போனார், நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.