குக்கீயைச் சின்னதாக வெட்டினால் போதாது

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் அடிக்கடி சொல்லும் குறை: "பள்ளியில் பேக் சேலை அரசாங்கமே தடை செய்துவிட்டது." பேக் சேல் என்றால், வீட்டில் சுட்ட பண்டங்களைப் பள்ளியில் விற்று நிதி திரட்டுவது. அதற்கு அப்படி ஒரு தடை கிடையாது. இருப்பது ஒரு கணக்கு. அந்தக் கணக்கைப் போட யாரும் பெற்றோருக்குச் சொல்லித் தரவில்லை என்பதுதான் என் கோபம்.

2010 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட பள்ளி உணவுச் சட்டத்தின் கீழ் வந்தவைதான் 'ஸ்மார்ட் ஸ்நாக்ஸ்' விதிகள். 2014 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளன. மத்திய அரசின் மதிய உணவு, காலை உணவுத் திட்டங்களில் சேர்ந்த பள்ளிகளில், பள்ளி நேரத்தில், வளாகத்துக்குள் மாணவர்களுக்கு விற்கும் எல்லாத் தின்பண்டத்துக்கும் பொருந்தும். நள்ளிரவில் தொடங்கி, கடைசி மணி அடித்து 30 நிமிடம் ஆகும்வரை பள்ளி நேரம்தான். 3 மணிக்குப் பள்ளி விட்டால் 3.30க்கு மேல் வெண்ணெய் கேக்கைத் தாராளமாக விற்கலாம். சனிக்கிழமை விளையாட்டுப் போட்டியிலும் விற்கலாம். பிறந்தநாளுக்கு இலவசமாகக் கொடுக்கும் கப்கேக்கில் இந்த விதி தலையிடுவதில்லை (பள்ளி தனியாக விதி வைத்திருந்தால் அது வேறு). ஆனால் "விலை இல்லை, இவ்வளவு நன்கொடை போடுங்கள்" என்று டப்பா வைத்தால் அதுவும் விற்பனைதான்.

இனி எண்கள். ஒரு நொறுக்குத்தீனி, அதன் மேல் தடவும் ஃப்ராஸ்டிங்கையும் சேர்த்து, 200 கலோரிக்குள் இருக்க வேண்டும். சோடியம் 200 மில்லிகிராமுக்குள். கலோரியில் கொழுப்பின் பங்கு 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நிறைவுற்ற கொழுப்பு 10 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். டிரான்ஸ் கொழுப்பு கூடாது. சர்க்கரை எடையில் 35 சதவீதத்துக்குள். இதற்கெல்லாம் முன்பாக, முழுத்தானியமோ பழமோ காய்கறியோ பாலோ பருப்பு, முட்டை போன்ற புரத உணவோ அதில் முதன்மைப் பொருளாக இருக்க வேண்டும்.

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். "குக்கீயைச் சின்னதாகச் செய்துவிட்டால் போச்சு" என்கிறார்கள். வழக்கமான சாக்லேட் சிப் குக்கீக்கு 250 கிராம் மைதா, 225 கிராம் வெண்ணெய், 300 கிராம் சர்க்கரை, 340 கிராம் சாக்லேட் சிப்ஸ், 2 முட்டை. 48 குக்கீ வரும். ஒன்றுக்கு 115 கலோரி அளவுதான், சோடியமும் குறைவு. ஆனாலும் தேறாது. கலோரியில் கிட்டத்தட்ட பாதி கொழுப்பிலிருந்து வருகிறது, நிறைவுற்ற கொழுப்பு மட்டும் 29 சதவீதம், சர்க்கரை எடையில் 40க்கு மேல். இவை விகிதங்கள். எவ்வளவு சின்னதாக வெட்டினாலும் விகிதம் மாறாது. வெண்ணெயையும் சர்க்கரையையும் சாக்லேட்டையும் குறைத்து, மைதாவில் பாதியையாவது முழுக்கோதுமையாக மாற்றாமல் இந்த குக்கீ உள்ளே வராது.

நிலக்கடலைக்கும் பாதாமுக்கும் கொழுப்பு வரம்பிலிருந்து விலக்கு உண்டு என்று படித்துவிட்டு பீனட் பட்டர் குக்கீ செய்வது இன்னொரு தவறு. கடலையைத் தனியாக விற்றால் விலக்கு. மாவில் கலந்தால் விலக்கு போய்விடும்.

தேறும் ஒன்றைச் சொல்கிறேன். 12 வாழைப்பழ மஃபினுக்கு முழுக்கோதுமை மாவு 240 கிராம், மசித்த பழம் 340 கிராம், முட்டை 2, கனோலா எண்ணெய் 55 கிராம், சர்க்கரை 80 கிராம், கொழுப்பு குறைந்த தயிர் 120 கிராம், சமையல் சோடா 1 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. ஒன்று சுமார் 180 கலோரி, சோடியம் 170 மில்லிகிராம், கொழுப்பு 31 சதவீதம். பழம்தான் முதல் பொருள், அதனால் அந்த நிபந்தனையும் முடிந்தது. இதில் கவனிக்க வேண்டியது உப்பு. சமையல் சோடா ஒரு தேக்கரண்டியிலேயே 1,260 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. உப்பையும் ஒரு முழுத் தேக்கரண்டி போட்டால் ஒரு மஃபினில் 300ஐத் தாண்டிவிடும். மேலே கிரீம் சீஸ் தடவினாலும் கதை முடிந்தது.

நம் வீட்டுப் பண்டங்களில் முறுக்கு தேறாது. வெள்ளை அரிசி மாவு, பொரித்த எண்ணெய், இரண்டுமே இடிக்கும். கொண்டைக்கடலைச் சுண்டல் அழகாகத் தேறும். அரை கப் வெந்த கடலை, அரைத் தேக்கரண்டி எண்ணெயில் தாளிப்பு, 155 கலோரி. டின் கடலையில் ஏற்கெனவே உப்பு இருக்கும், காய்ந்த கடலையை ஊறவைத்து வேகவையுங்கள். 25 பேருக்கு 10 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம். தேங்காயைப் பேருக்குத் தூவுங்கள். ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி போட்டால் நிறைவுற்ற கொழுப்பு வரம்பைத் தொட்டுவிடும்.

இனி என் சண்டை. விதிக்குள் அடங்காத பண்டங்களை விற்க, ஆண்டுக்கு இத்தனை முறை என்று விலக்கு தரும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு. மாநிலம் எதுவும் சொல்லாவிட்டால் விலக்கு பூஜ்ஜியம். டெக்சாஸ் ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு 6 நாள் தந்தது. ஜார்ஜியா 30 விற்பனை, ஒவ்வொன்றும் 3 நாள் வரை என்றது. அதாவது 90 நாள், பள்ளி நடக்கும் நாட்களில் பாதி! இந்தப் பக்கம் ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் பாதி வருடம். இது பிள்ளைகளின் உடம்பைப் பார்த்து எடுத்த முடிவா?

விதி சரியானதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அது சாய்ந்திருக்கிறது. பெரிய நிறுவனங்கள் தங்கள் சிப்ஸை விதிக்கு ஏற்ப மாற்றி, பாக்கெட்டில் எண்களை அச்சிட்டுத் தந்துவிடுகின்றன. பள்ளி அலுவலகம் கண்ணை மூடிக்கொண்டு அனுமதிக்கிறது. ஓர் அம்மா சுட்ட மஃபினுக்கு லேபிள் இல்லை. அது நல்ல பண்டமாக இருந்தும் வாசலிலேயே நின்றுவிடுகிறது. இசைக்குழுவுக்கு வாத்தியம் வாங்கப் பணம் சேர்க்கும் மாணவர்கள் கடைசியில் பாக்கெட் சிப்ஸ் விற்கிறார்கள்.

அதனால் கூடுதல் விலக்கு நாட்களைக் கேட்காதீர்கள். சோதித்த சமையல் குறிப்புகளைக் கேளுங்கள். பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு) உணவுப் பிரிவில் ஊட்டச்சத்துக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். 10 குறிப்புகளை எடைபோட்டு, கணக்கிட்டு, ஒப்புதல் முத்திரையோடு வெளியிட எத்தனை நாளாகும்? அதுவரை ஹெல்தியர் ஜெனரேஷன் அமைப்பின் இணையக் கணிப்பானில் நீங்களே எண்களைப் போட்டுப் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து மஃபின் தட்டோடு கொடுத்தனுப்புங்கள். ஒவ்வொரு மாவட்டமும் நல்வாழ்வுக் கொள்கை ஒன்று வைத்திருக்க வேண்டும், அதை வகுப்பதிலும் மறுபார்வை செய்வதிலும் பெற்றோர் பங்குபெற அனுமதிக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அடுத்த கூட்டம் எப்போது என்று பள்ளி அலுவலகத்தில் கேட்டு, இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள்.