துடைக்கும் முன் கேட்பது நல்லது
படுக்கையில் இருக்கும் முதியோரை நாள்தோறும் குளிப்பாட்டியே ஆக வேண்டும் என்று முதியோர் பராமரிப்பு பற்றி நான் படித்த ஒரு கட்டுரை வலியுறுத்துவதில் எனக்கு முழு உடன்பாடில்லை. மார்கழிப் பனி இறங்கும் ஈரோடு மாவட்டத்துக் கோபி, சத்தியமங்கலம் பக்கத்து வீடுகளில், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் முகம், அக்குள், தொடையிடுக்கு ஆகியவற்றைத் துடைத்து, தோல் மடிப்புகளில் ஈரம் தங்காமல் ஒற்றி எடுப்பதே பல நாட்களில் போதும்; தங்கும் ஈரத்தில்தான் பூஞ்சை வளர்கிறது. பல்செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைப்பதைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. “அப்பச்சி, இப்பத் தொடச்சு உடட்டுங்களா?” என்று கேட்டு, கதவைச் சாத்தி, துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து மற்றதைத் துண்டால் மூடி வைத்தால், தண்ணீரைக் கண்டாலே சினக்கும் பெரியவரும் பெரும்பாலும் இணங்குவார், கை எட்டுமானால் முகத்தை அவரே துடைத்துக்கொள்ள விடலாம்.