672-க்கு ஒரு ‘பை’ ரன் கூட இல்லை

(1899 ஜூலை. இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டம், மார்டாக் கிராமம். மளிகைக் கடை வாசலில் கடைக்காரரும், தேவாலயத்தில் மணியடிப்பவரும்.)

மணியடிப்பவர்: கேட்டீரா ஓய்? டான்டனில் நம் சாமர்செட் கிரிக்கெட் ஆட்களை ஹாம்ப்ஷயர் அணி அடித்து நொறுக்கிவிட்டது. 672 ரன்!

மளிகைக்காரர்: அதற்கு ஏன் வாயெல்லாம் பல்? துக்க மணியல்லவா அடிக்க வேண்டும்?

மணியடிப்பவர்: விக்கெட் கீப்பர் யார் தெரியுமா? நம் விக்கம் பாதிரியார்! அவர்கள் பக்கம் மேஜர் பூர் 304, வின்யார்ட் 225. இருவரும் ஜோடியாக நின்றபோது சேர்ந்தது மட்டும் 411. அவ்வளவு நேரமும் காலை அகட்டிக் குனிந்து நின்றவர், ஒரு ‘பை’ ரன் கூட விடவில்லை; மட்டையில் படாத பந்து கீப்பரைத் தாண்டிப் போனால் எதிராளி ஓடி எடுப்பானே, அந்த ரன்.

மளிகைக்காரர்: இங்கே கல்யாணத்துக்கு நாள் கேட்டு வருகிறவனுக்கு ஆள் இல்லை. அங்கே ஹாம்ப்ஷயர்காரனைக் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தாராக்கும். சரி, அந்த 672 யார் கணக்கு?

மணியடிப்பவர்: அது பந்து வீசியவர்கள் பாடு. மட்டையில் படாத பந்துதான் இவர் பொறுப்பு.

மளிகைக்காரர்: கடை முழுக்கக் கொள்ளை போய்விட்டது, பின்வாசல் பூட்டு மட்டும் பத்திரம் என்கிறீர்.

மணியடிப்பவர்: உமக்கு ஆட்டம் புரியாது. 1895-ல் பிரிஸ்டலில் பெரிய மட்டையாளர் கிரேஸ் நம் அணிக்கு எதிராக 288 அடித்தாரே, அவருடைய நூறாவது சதம்? அன்றும் பின்னால் நின்றவர் இவர்தான். மட்டையைத் தாண்டி வந்தது நாலைந்து பந்துதானாம்.

மளிகைக்காரர்: அதாவது, வேலையே இல்லை. இவர் ராசியெல்லாம் எதிராளிக்குத்தான் ஓய்! 1878-ல் ஆக்ஸ்போர்டுக்கு ஆடினார் என்று நீர்தானே பெருமை அடித்தீர்? அந்த வருடம்தான் கேம்பிரிட்ஜிடம் 32 ரன்னுக்குச் சுருண்டார்கள்.

மணியடிப்பவர்: நாவை அடக்கும்.

மளிகைக்காரர்: உடுப்பையாவது பார்த்தீரா? ஹார்லெக்வின் கிளப்பின் பலவண்ணத் தொப்பி, இடுப்பில் கறுப்புப் பட்டி. வலையோடு பட்டாம்பூச்சி தேடுகிறவர், மைதானத்துக்குப் பட்டாம்பூச்சியாகவே போகிறார்.

மணியடிப்பவர்: பூச்சி பிடித்துப் பழகிய கை. அதில் எதுவும் தப்பாது.

மளிகைக்காரர்: (பெருமூச்சுடன்) தப்பாதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காணிக்கைத் தட்டில் காசுக்குப் பதிலாக ஒரு சட்டைப் பொத்தானைப் போட்டேன்.

மணியடிப்பவர்: அடப்பாவி! கவனிக்கவில்லையே அவர்?

மளிகைக்காரர்: வாயே திறக்கவில்லை. மறுநாள் மெழுகுவத்தி வாங்க வந்தார். அந்தப் பொத்தானையே நீட்டி, மீதிச் சில்லறை கேட்டார்.