கஸ்பாரி என்றால் அந்தக் கையெழுத்து மட்டும்தானா?

கர்தினால் பியெத்ரோ கஸ்பாரி என்றதும் பலர் சொல்வது 1929 பிப்ரவரி 11. வத்திக்கானைத் தனி நாடாக்கிய ஒப்பந்தத்தில் உரோமையின் லாத்தரன் அரண்மனையில் முசோலினியோடு கையெழுத்திட்ட நாள். அதை வைத்தே அவரைப் புகழ்கிறார்கள், அதை வைத்தே திட்டுகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம் முழுவதையும் ஒரே நூலாகத் தொகுத்த அவருடைய பெரிய வேலை அதற்கு 12 ஆண்டு முன்பே முடிந்துவிட்டது என்பது என் உறுதியான கருத்து.

1852-இல் இத்தாலியின் உசித்தா மலையூரில் பிறந்தவர். பாரிஸ் கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனத்தில் 1880 முதல் 1898 வரை திருச்சபைச் சட்டப் பேராசிரியர். அந்தக் காலத்தில் திருச்சபைச் சட்டம் எந்த நிலையில் இருந்தது என்பதைப் பார்த்தால்தான் அவர் செய்தது புரியும். 1140 வாக்கில் சட்ட அறிஞர் கிராசியன் தொகுத்தது, 1234-இல் திருத்தந்தை (போப்) ஒன்பதாம் கிரகோரி வெளியிட்டது, அதன்மேல் 16-ஆம் நூற்றாண்டில் ஆயர்கள் கூடிய திரிதெந்துப் பொதுச்சங்கத்தின் ஆணைகள், அதற்கும்மேல் திருத்தந்தையின் நிர்வாகத் துறைகளான உரோமைப் பேராயங்களின் தீர்ப்புகள். ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்ததே தவிர, எது செல்லும், எது காலாவதி என்று ஒரே இடத்தில் சொல்லும் நூல் கிடையாது.

இதனால் அடிபட்டது திருமணம். குருவும் சாட்சிகளும் இல்லாத இரகசியத் திருமணம் செல்லாது என்று 1563-இல் திரிதெந்து ஆணையிட்டது. ஆனால் அந்த ஆணையை ஒவ்வொரு பங்கிலும் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள ஊர்ப்பகுதி) அறிவிக்க வேண்டும், அறிவித்து 30 நாள் கழித்துத்தான் அந்தப் பங்கில் அது நடைமுறைக்கு வரும். அறிவிக்காத ஊர்களில் பழைய நிலையே. ஆக, ஓர் ஊரில் செல்லாத திருமணம் பக்கத்து நாட்டில் செல்லும்! 1907-இல் வந்த புதிய ஆணைதான் இதைப் பெருமளவு சரிசெய்தது. பங்குத்தந்தை அல்லது ஆயர், இரண்டு சாட்சிகள் என்ற அந்த விதி பிறகு தொகுப்பிலும் இடம்பெற்றது.

1904 மார்ச் 19-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் எல்லாச் சட்டத்தையும் ஒரே தொகுப்பாக்க உத்தரவிட்டு, பொறுப்பைக் கஸ்பாரியிடம் கொடுத்தார். உதவிக்கு இருந்த இளம் குரு யூஜேனியோ பச்செல்லி, பின்னாளில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ். வரைவுகள் உலகெங்கும் ஆயர்களுக்குப் போய்க் கருத்துகளோடு திரும்பின. இதற்கிடையே கஸ்பாரி 1907-இல் கர்தினால், 1914-இல் திருத்தந்தையின் முதன்மை நிர்வாகியான திருப்பீடச் செயலர். உலகப் போரின் நடுவே, 1917 மே 27-இல், தொகுப்பு வெளிவந்தது. 5 நூல்கள், 2,414 விதிகள், நடைமுறைக்கு வந்தது 1918 மே 19.

அதில் 6-ஆம் விதியைப் பாருங்கள். தொகுப்புக்கு முரணான பழைய சட்டம் ஒழிந்தது. தொகுப்பில் குறிப்பிடாத பழைய தண்டனைகளும் ஒழிந்தன. ஒரு விதி பழையதிலிருந்து மாறுகிறதா என்று ஐயம் வந்தால் பழையதைவிட்டு விலகாதே. ஏழு நூற்றாண்டுச் சிக்கலுக்கு ஒரே விதியில் வழி சொல்லியிருக்கிறார். வகுப்பறையில் இந்தச் சட்டத்தோடு மல்லுக்கட்டிய ஆசிரியருக்குத்தான் இந்தத் தெளிவு வரும்.

குறையும் உண்டு, பெரிய குறை. ஆட்கள், பொருள்கள், வழக்குகள் என்ற பழைய உரோமைச் சட்டப் பகுப்பை அப்படியே எடுத்ததால், திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருளடையாளங்கள் என்னும் புனிதச் சடங்குகள் 'பொருள்கள்' என்ற மூன்றாம் நூலில் போய் உட்கார்ந்தன. நற்கருணையைப் 'பொருள்' என்ற தலைப்பில் வைப்பதை எந்த நியாயத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆயர்களைத் திருத்தந்தையே தம் விருப்பப்படி நியமிக்கிறார் என்ற 329-ஆம் விதி, பல நாடுகளில் இருந்த தேர்தல் மரபுகளை விதிவிலக்காகச் சுருக்கிவிட்டது. 1983-இல் வந்த 1,752 விதிகள் கொண்ட புதிய தொகுப்பு அந்தப் பகுப்பையே கைவிட்டது சரியான முடிவு.

லாத்தரன் ஒப்பந்தத்திலும் சட்ட ஆசிரியரின் கை தெரிகிறது. அரசியல் உடன்படிக்கை, நிதி உடன்பாடு, இத்தாலியத் திருச்சபைக்கான தனி உடன்பாடு என மூன்றையும் பிரித்தே எழுதினார்கள். 44 ஹெக்டேர் நாடு, 75 கோடி லீரா ரொக்கம், 100 கோடி லீராவுக்கு 5 விழுக்காட்டு அரசுப் பத்திரம். 1984-இல் மூன்றாவதைத் திருத்தியபோது வத்திக்கான் நாட்டின் இறையாண்மையைத் தொட வேண்டியிருக்கவில்லை.

1930-இல் செயலர் பதவியைப் பச்செல்லியிடம் விட்டுவிட்டு, தொகுப்பின் விதிகளுக்கு மூலமான ஆவணங்களை வரிசையாக வெளியிடும் வேலையில் இருந்தார். ஒன்பது தொகுதிகளில் ஆறு வந்திருந்தன. 1934 நவம்பர் 18-இல் இறந்தார். மிச்ச மூன்றையும் ஹங்கேரியின் கர்தினால் செரெதி முடித்தார்.