அந்தப் பெரியவருக்குப் பிடில் வாசிக்கத் தெரியும்

சனிக்கிழமை விழாவில் பிடில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடமிருந்து பாதியில் மைக்கை வாங்கிவிட்டார்கள், உங்களில் பலருக்குத் தெரியும். வராதவர்களும் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று இருந்தேன். ஆறவில்லை.

மைக்கை வாங்கியதை நேர நெருக்கடி என்று விட்டுவிடலாம். நம்மவர்கள் அந்த வீடியோவின் கீழே எழுதியதைத்தான் விட முடியவில்லை. 'ஒரே டியூனையே தேய்க்கிறார்', 'சுருதி சேரவே இல்லை', 'முறையாகக் கற்றுக்கொள்ளாத மலைக்காரர்கள்'. அதற்கு வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள். சிரித்தவர்களில் இரண்டு பேர் குழந்தைகளை வயலின் வகுப்புக்கு அனுப்புகிறவர்கள்.

அவருக்கு வாசிக்கத் தெரியும். அவர் வாசித்தது அமெரிக்காவின் கிழக்கில் இருக்கிற அப்பலாச்சிய மலைகளின் ஓல்ட்-டைம் என்ற நாட்டுப்புறப் பிடில் இசை. பிடில் என்றால் நம் வயலின்தான். அது ஆடுவதற்காக உண்டான இசை. பெரும்பாலும் இரண்டே பகுதிகள், ஒன்று கீழ்த் தந்திகளில், இன்னொன்று மேல் தந்திகளில். ஆடுகிறவர்கள் ஓயும்வரை சுற்றிச் சுற்றி வரவேண்டும். ப்ளூகிராஸ் என்கிற இன்னொரு அமெரிக்க இசை மாதிரி ஒவ்வொருவராக முன்னால் வந்து தனியாகத் திறமை காட்டுவது இதில் வழக்கமில்லை. பிடிலும் பேன்ஜோ என்ற தந்தி வாத்தியமும் சேர்ந்தே ஓடும். சுற்றுக்குச் சுற்று என்ன மாறுகிறது என்று தெரிய வேண்டுமானால் இடது கை விரலைப் பார்த்தால் போதாது, வில் பிடித்த கையைப் பார்க்க வேண்டும். எந்த அடியில் அழுத்துகிறார், எங்கே இரண்டு ஸ்வரத்தை ஒரே இழுப்பில் கொண்டுபோகிறார் என்பதில்தான் வித்தை இருக்கிறது. அதைப் பார்க்காமல் 'ஒரே டியூன்' என்கிறீர்கள்.

சரி, சுருதிக்கு வருவோம். மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் சாதாரணமாக ஜி, டி, ஏ, ஈ என்றிருக்கும் தந்திகளில் கீழ் இரண்டையும் ஏற்றி ஏ, ஈ, ஏ, ஈ என்று அவர் சேர்த்திருந்தார். கர்நாடக வயலின் தெரிந்தவர்களே, இதை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? சட்ஜம், பஞ்சமம், சட்ஜம், பஞ்சமம், அதாவது ச, ப, ச, ப! உங்கள் பிள்ளை வகுப்பில் சேர்க்கிற அதே அமைப்பு. வாசிக்கிற தந்திக்குப் பக்கத்துத் தந்தியும் கூடவே ஒலித்துக்கொண்டிருப்பது கை தவறி அல்ல, அதுதான் அவருடைய தம்புரா. காந்தாரம் தப்பு என்றாரே ஒருவர், தாழ்ந்த 'சாதாரண காந்தார'த்துக்கும் உயர்ந்த 'அந்தர காந்தார'த்துக்கும் நடுவில் நிற்கிற அந்த ஸ்வரத்தைப் பழைய ஆட்கள் வேண்டுமென்றேதான் பிடிப்பார்கள். பியானோவில் அது கிடைக்காது. ஸ்வரத்தை அசைத்து வளைக்கிற கமகத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கே அது புரியவில்லை என்றால் நான் என்ன சொல்வது?

வட கரோலினாவுக்குக் குடிவந்த புதிதில் எனக்கு இங்கே யாரையும் தெரியாது. ஒரு தேவாலயக் கூடத்தில் வாராவாரம் வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். எந்த ஊர், எப்போது திரும்பிப் போவாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாற்காலியை நகர்த்தி வட்டத்துக்குள் இடம் விட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் தன் பிடிலைக் கையில் கொடுத்தார். தந்திகளுக்குக் கீழே, வில்லில் தேய்க்கிற ரோசின் மாவு வெள்ளையாகப் படிந்திருந்தது. சாய்த்ததும் உள்ளே ஏதோ கலகலத்தது. இங்கே வாலை ஆட்டி ஒலி எழுப்புகிற ராட்டில்ஸ்னேக் என்ற விஷப்பாம்பு உண்டே, அதன் வால் கிலுகிலுப்பை. அவருடைய தாத்தா போட்டு வைத்ததாம். சனிக்கிழமை மேடையில் நின்றவர் அவர்தான். இப்போது புரிகிறதா, எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று?

'பிடிக்கவில்லை என்று சொல்லக்கூட உரிமை இல்லையா?' என்பார்கள். தாராளமாகச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்பது வேறு, தெரியவில்லை என்று தீர்ப்புச் சொல்வது வேறு.

'முறையாகப் படித்த யாராவது இதை மதிப்பார்களா?' ஆலன் ஜபூர் மேற்கத்திய செவ்வியல் வயலின் பயின்றவர், டியூக் பல்கலைக்கழக மாணவர். 1966இல் வர்ஜீனியாவின் க்ளென் லின் ஊருக்குப் போய், எண்பது வயதைத் தாண்டிய பிடில் கலைஞர் ஹென்றி ரீட் முன்னால் உட்கார்ந்து அவர் வாசித்ததைப் பதிவு செய்தார், கற்றும்கொண்டார். இன்னொரு பிடில் கலைஞர் டாமி ஜாரல் சாலைப் பணியில் மண்ணைச் சமன் செய்கிற கிரேடர் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். நாடெங்கிலுமிருந்து இளைஞர்கள் அவர் வீடு தேடி வந்தார்கள், 1982இல் தேசிய மரபுக் கலைஞர் விருதும் வந்தது.

அப்புறம், 'இது வெள்ளைக்காரக் கிராமத்தான் பாட்டு, உனக்கென்ன இவ்வளவு அக்கறை?' என்று உள்பெட்டியில் ஒருவர். அந்தப் பேன்ஜோவின் மூதாதை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்தது. கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே டியூன்களை வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், 1920களின் இசைத்தட்டுக் கம்பெனிகள்தான் இவர்களுக்கு ஒரு பட்டியல், அவர்களுக்கு ஒரு பட்டியல் என்று பிரித்து விற்றன. இதே மாநிலத்தில் மெபன் ஊரைச் சேர்ந்த கறுப்பினப் பிடில் கலைஞர் ஜோ தாம்சன் 2012 வரை இருந்தார். கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழுவின் இளைஞர்கள் அவர் வீட்டுக்குப் போய்க் கற்றார்கள், பிறகு கிராமி வாங்கினார்கள். யாருடைய பாட்டு என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1937இல் கென்டக்கியில் வில்லியம் ஸ்டெப் என்பவர் ஒரு டியூன் வாசித்தார், நாட்டுப்புற இசையைச் சேகரித்த லோமாக்ஸ் தம்பதி பதிவு செய்தார்கள். அமெரிக்க இசையமைப்பாளர் ஏரன் கோப்லாண்ட் 1942இல் அதை ஏறக்குறைய அப்படியே எடுத்துத் தன் 'ரோடியோ' பாலேயில் வைத்தார். கோட்டு போட்ட இசைக்குழு வாசித்ததும் உலகம் கைதட்டியது. கோப்லாண்ட் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும், ஸ்டெப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? மலைக்காரன் வாசித்தால் தேய்ப்பு, அரங்கில் வாசித்தால் கலை. நம் உச்சரிப்பைக் கேட்டு அலுவலகத்தில் யாராவது சிரித்தால் நாம் எவ்வளவு கொதிக்கிறோம்!

ஹென்றி ரீட் பதிவுகள் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். ஒரே டியூனை முழுதாக மூன்று தடவை கேட்டுவிட்டு வந்து எழுதுகிறவர்களோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசத் தயார். கேட்காமல் வருகிற கமெண்ட்டுக்கு இனி நான் பதில் சொல்லப்போவதில்லை.