மென்பிளாஸ்டிக் வீரர்களை மாடல் பசை ஒட்டாது

"விமான மாடல்களுக்கான பசையே மென்பிளாஸ்டிக் போர்வீரர் பொம்மைகளையும் ஒட்டும், பிசிறை உப்புத்தாளால் தேய்த்தால் போதும்" என்று பகிரப்படும் குறிப்பின் இரு பகுதிகளும் தவறானவை.

அந்தப் பசை, விமான மாடல்கள் செய்யப்படும் கடின பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனின் மேற்பரப்பைக் கரைத்து, இரு துண்டுகளையும் ஒன்றோடொன்று கலக்கச் செய்து இணைக்கிறது. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் மாடல் நிறுவனம் 1959 முதல் வெளியிட்ட சிறு வீரர்களைப் போன்ற மென்பொம்மைகளோ பெரும்பாலும் பாலிஎத்திலீனால் ஆனவை. அறை வெப்பநிலையில் அந்தப் பசையிலுள்ள கரைப்பான் பாலிஎத்திலீனைக் கரைப்பதில்லை. சூப்பர் குளூவை மட்டும் இட்டாலும், காய்ந்த பின் வீரனின் துப்பாக்கியைச் சற்று வளைத்தவுடன் பசை ஏடாக உரிந்து வந்துவிடும். பாலிஎத்திலீனுக்கென விற்கப்படும் பிரைமரை, அதாவது பசை பிடிக்க உதவும் அடிப்பூச்சை, முதலில் பூசி, அதன் மேல் சூப்பர் குளூ இட்டால் பிடிப்பு கிடைக்கும். ஆயினும் கை, தோள் போன்ற இணைப்புகளில் இருபுறமும் நுண்துளையிட்டு, மெல்லிய பித்தளைக் கம்பியைச் செருகி ஒட்டுவதே எனக்கு மிகவும் நம்பகமான முறையாகத் தெரிகிறது.

உப்புத்தாள் பிசிறை நீக்குவதற்கு மாறாக, தேய்த்த இடமெங்கும் பஞ்சு போன்ற நார்களைக் கிளப்பிவிடும். வண்ணம் பூசியதும் அவை இன்னும் துருத்தித் தெரியும். புதிய, கூரான பிளேடைச் சாய்த்துப் பிடித்து, அச்சின் இரு பாதிகள் சேருமிடத்தில் பொம்மையில் விழும் அச்சுக்கோட்டை ஒரே திசையில் மெல்லச் சீவ வேண்டும். ஒட்டுவதற்கு முன்பே, பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் பொம்மையைக் கழுவி, அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப்பிசுக்கை அகற்றிவிட வேண்டும்.