கோடைப் பள்ளியில் சேர்க்கும் முன் இரவைப் பற்றிக் கேளுங்கள்

தங்கிப் படிக்கும் கோடைப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் பெரும்பாலும் வகுப்புகளைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். ரோபோட்டிக்ஸ் உண்டா, நீச்சல் உண்டா, ஆங்கிலம் எத்தனை மணி நேரம். முதலில் கேட்க வேண்டியது இதுதான்: ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை விழித்து அழுதால் யாரிடம் போகும்? அவர் எந்த அறையில் படுத்திருப்பார்? இதற்குச் சட்டென்று பதில் வராத இடத்தில் மற்ற வசதிகளை விசாரித்துப் பயனில்லை.

பகலெல்லாம் வகுப்பு, விளையாட்டு, சண்டை, சமாதானம் என்று ஓடிவிடும். விளக்கை அணைத்த பிறகுதான் வீட்டு ஞாபகம் வரும். முதல் சில ராத்திரிகள்தான் கடினம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்புறம் தணிந்துவிடும். அதைத் தாண்டவிடாமல் செய்வது பல சமயம் நாமேதான். "பிடிக்கலைன்னா ஒரு போன் போடு, உடனே வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்று கிளம்பும்போது சொல்கிறோம் பாருங்கள், அதைவிடக் கெடுதல் வேறில்லை. நாம் ஆறுதலுக்குச் சொல்கிறோம். 'என்னால முடியாதுன்னு அம்மாவே நினைக்கறாங்க' என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. புது இடத்தோடு ஒட்டவும் முயலாது, போனுக்காகவே காத்திருக்கும். 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் தர்பரும் வால்டனும் 2007-ல் எழுதிய அறிக்கையும் இந்த வாக்குறுதி கூடாது என்றே சொல்கிறது. அதற்குப் பதில் ஒத்திகை பாருங்கள். உறவினர் வீட்டில் இரண்டு மூன்று நாள், போன் பேசாமல். குளிப்பது, தலை வாருவது, உள்ளாடை அலசிக் காயப்போடுவது எல்லாம் அங்கேயே பழகட்டும்.

யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒன்று, படுக்கையில் சிறுநீர் போவது. ஏழு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேருக்கு இது உண்டு. மறைத்து அனுப்பினால், நனைந்த விரிப்பை மற்ற பிள்ளைகள் பார்த்துவிடுவார்களோ என்று பிள்ளை விடியும்வரை அதன்மேலேயே படுத்துக் கிடக்கும். வார்டனிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். அடுக்குக் கட்டிலில் கீழ்ப்படுக்கை, கழிவறைக்குப் பக்கத்து அறை கேட்டு வாங்குங்கள். வெளியே தெரியாத நிறத்துப் பை ஒன்றில் மாற்று உடை, ஒரு விரிப்பு, நனைந்ததைப் போட்டு மூட ஜிப் கவர். தலையணைப் பக்கம் ஒரு சின்ன டார்ச். இருட்டில் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ள வீட்டிலேயே பழக்குங்கள்.

எத்தனை பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளர் என்பதையும் கேளுங்கள். இரவு தங்கும் முகாம்களுக்கு அமெரிக்க முகாம் சங்கம் வைத்திருக்கும் அளவு: 6 முதல் 8 வயதுக்கு ஆறு பேருக்கு ஒருவர், 9 முதல் 14-க்கு எட்டுப் பேருக்கு ஒருவர். "மொத்தம் இருபது ஆசிரியர்கள் இருக்கிறார்கள்" என்பது பதிலாகாது. அவர்கள் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார்களா என்று திருப்பிக் கேளுங்கள்.

மருந்தைக் கடை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, அளவும் நேரமும் எழுதி நேரில் ஒப்படைக்க வேண்டும். டப்பாவில் கொட்டிக் கொடுத்தால் எது எந்த மாத்திரை என்று யாருக்கும் தெரியாது. ஆஸ்துமா இன்ஹேலரை மட்டும் அலுவலக அலமாரியில் பூட்டவிடாதீர்கள். மைதானத்தில் மூச்சு முட்டும்போது சாவியைத் தேட நேரமிருக்காது.

துணிமணிக்குப் பெரிய கணக்கு வேண்டாம். எல்லாவற்றிலும் பெயர், புது ஷூ கூடாது, அவ்வளவுதான். வகுப்பு நிலை பொருந்தவில்லை என்றால் முதல் இரண்டு நாளுக்குள் மாற்றச் சொல்லுங்கள். குழு சேர்ந்தபின் மாற்றினால் பிள்ளை இரண்டாம் முறை தனியாகிவிடும்.

பேசும் நேரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருக்கட்டும். படுக்கப் போகும் முன் அம்மா குரலைக் கேட்டால் அடங்கிய அழுகையும் திரும்ப வரும். அழுதால் போனை வைத்துவிடாதீர்கள், நீங்களும் அழாதீர்கள். "இன்னைக்கு யார் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட?" என்று கேளுங்கள். ஒரு பெயர் வந்தால் அந்தப் பிள்ளையைப் பற்றியே பேச்சைக் கொண்டுபோங்கள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, யாரையோ பார்த்துப் பயப்படுகிறது என்றால் அது வீட்டு நினைப்பு என்று விட்டுவிடக் கூடாது; அன்றைக்கே நேரில் போய்ப் பாருங்கள்.